ஆறு நிமிடத்துக்கு ஒரு கண்ணீர்

லுவெல்லா பிக்கெட் வழக்கில் ஜெயித்தது ஒரு வியாழக்கிழமை பிற்பகல். வெள்ளிக்கிழமை காலையிலிருந்தே ஜெயித்ததற்கான தண்டனையை அனுபவிக்க ஆரம்பித்துவிட்டாள்.

ஒஹாயோவில் ஏரிக்கரையை ஒட்டிய அந்த ஊரில் ஐந்து ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகளும் லோடர்மில்க் சலவை நிறுவனத்துக்குத்தான் வெளுக்க வரும். லுவெல்லா அங்கே இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவள். ஈரத்துணியை ஒரு பக்கம் விட்டால் மறுபக்கம் தேய்த்து மடித்துத் தள்ளுகிற, பஸ் நீளத்துக்கு ஒரு இயந்திரம். அது அவள் பொறுப்பு. ஷிப்டு மேற்பார்வையாளர் வேலை மூன்று முறை காலியானது. மூன்று முறையும் அவளிடம் வேலை கற்றுக்கொண்ட வெள்ளைக்கார இளைஞர்களுக்கே அது போனது. மூன்றாமவன் மேனேஜரின் மருமகன். இயந்திரத்துக்கு எந்தப் பக்கம் முன்பக்கம் என்றுகூட அவனுக்குத் தெரியாது. கறுப்பி என்பதால்தானே எனக்கு இல்லை என்று லுவெல்லா ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். பதினோராம் நாள், நாலு நிமிடம் தாமதமாக வந்தாள் என்று காரணம் சொல்லி அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

நிறம், வயது, பழிவாங்கல் என்று மூன்று குற்றச்சாட்டு வைத்து மூன்று வருடம் வழக்கு நடந்தது. கடைசியில் ஜூரியில் இருந்த எட்டுப் பேர் நாலு நாள் உட்கார்ந்து கேட்டுவிட்டு, நிறத்தைப் பார்த்து வேலை மறுத்தார்கள் என்பது நிரூபணமாகவில்லை, வயதைப் பார்த்து மறுத்தார்கள் என்பதும் ஆகவில்லை, புகார் கொடுத்ததற்காகப் பழிவாங்கினார்கள் என்பது மட்டும் உண்மை என்றார்கள். எதைப் பற்றிப் புகார் கொடுத்தாளோ அது நடக்கவே இல்லையாம், புகார் கொடுத்ததற்கு வேலையை விட்டு விரட்டியது மட்டும் நடந்ததாம். போகட்டும். முப்பத்தெட்டாயிரம் டாலர் தரச் சொன்னார்கள். லுவெல்லா தன் வக்கீல் ஓரின் டாப்னியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, எல்லாம் முடிந்தது என்று அழுதாள்.

முடியவில்லை என்று டாப்னி மறுநாள் சொன்னார். ஐம்பது வயதுக்காரர், டோனட் கடைக்கு மேலே ஒற்றை அறையில் தனியாளாகத் தொழில் செய்கிறவர். மூன்று வருடத்தில் அவளிடம் ஒரு பைசா வாங்கவில்லை. செலவெல்லாம் அவர் கைக்காசு. இந்த மாதிரி வழக்கில் தொழிலாளி ஜெயித்தால் அவருடைய வக்கீல் கூலியைத் தோற்ற முதலாளி கொடுக்கவேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அப்போதுதான் கையில் காசில்லாதவர்களுக்கும் வக்கீல் கிடைப்பார் என்று சட்டம் போட்டவர்கள் நினைத்தார்கள். நல்ல மனசுக்காரர்கள். கூலி எவ்வளவு என்பதைக் கோர்ட்டே தீர்மானிக்கட்டும் என்று ஒரு வரியையும் சேர்த்துவிட்டுப் போனதுதான் அவர்கள் செய்த வேலை.

இதில் லுவெல்லாவுக்கு வேறொரு கவலை இருந்தது. அவள் விட்ட இயந்திரத்தில் இப்போது நிற்பவள் ரொனெட்டா, முப்பத்தைந்து வயது, அவளுக்காகக் கோர்ட்டில் சாட்சி சொன்னவள். சாட்சி சொன்ன மறுமாதமே அவளுக்கும் ஆரம்பித்துவிட்டார்கள். பதவி உயர்வு பட்டியலிலிருந்து பெயர் போனது; ஞாயிற்றுக்கிழமை வேலை போட்டு சர்ச்சுக்குப் போவதைக் கெடுத்தார்கள். வேலையிடத்துப் பாகுபாட்டை விசாரிக்கிற அரசாங்க அலுவலகத்தில் அவளும் புகார் எழுதிக் கொடுத்தாள். நீ வழக்குப் போடலாம் என்று அங்கிருந்து கடிதம் வந்தால், வந்த நாளிலிருந்து தொண்ணூறு நாளுக்குள் போட்டாகவேண்டும். லுவெல்லா டாப்னியிடம் அவளுக்காகக் கேட்டாள்.

"கூலி வரட்டும், மிஸஸ் பிக்கெட். வந்த அன்னைக்கே ரொனெட்டா கேஸை எடுக்கறேன். இது வரலைன்னா எனக்கு இன்னொரு மூணு வருஷம் கடன்ல ஓட்ட முடியாது," என்றார் டாப்னி.

அதனால் கூலி வருமா என்பது அவருடைய கவலை மட்டுமல்ல என்று ஆகிவிட்டது. அன்று முதல் லுவெல்லா தன் வழக்கை மறந்து அவருடைய வழக்குக்காக ஜெபம் செய்ய ஆரம்பித்தாள்.

கூலி கேட்கவேண்டுமென்றால் வேலை பார்த்த நேரத்தைக் காட்டவேண்டும். வக்கீல்களின் கடிகாரத்தில் நிமிடம் என்று ஒன்று கிடையாது. ஒரு மணியைப் பத்துத் துண்டாக வெட்டி, துண்டுக்கு ஆறு நிமிடம் என்று வைத்திருக்கிறார்கள். இரண்டு நிமிடம் பேசினாலும் ஒரு துண்டு, ஏழு நிமிடம் பேசினால் இரண்டு துண்டு. ஒவ்வொரு துண்டுக்கும் எதிரே என்ன செய்தோம் என்று அன்றன்றைக்கே எழுதிவைக்கவேண்டும். டாப்னி எழுதிவைத்திருந்தார். அவரிடம் இருந்த ஒரே கோளாறு, நடந்ததை நடந்தபடியே எழுதுவார்.

தாக்கல் செய்யுமுன் நாற்பத்தொரு பக்கத்தையும் லுவெல்லாவிடம் படிக்கக் கொடுத்தார். அவள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சமையலறை மேஜையில் உட்கார்ந்து படித்தாள். 'மார்ச் 12. கட்சிக்காரர் போனில் அழுதார். ஒரு துண்டு.' 'மார்ச் 15. கட்சிக்காரர் மீண்டும் அழுதார். ஒரு துண்டு.' 'அக்டோபர் 3. கட்சிக்காரர் அழவில்லை. உடம்பு சரியில்லையா என்று விசாரித்தேன். ஒரு துண்டு.' 'டிசம்பர் 19. கட்சிக்காரர் எலுமிச்சைக் கேக் கொண்டுவந்தார். சாப்பிட்டுக்கொண்டே சாட்சிகள் பற்றிப் பேசினோம். இரண்டு துண்டு.' அவளுடைய மூன்று வருடம் முழுக்க அந்தத் தாள்களில் கிடந்தது. வெட்கமாகவும் இருந்தது, நம் அழுகையை ஒரு மனிதர் உட்கார்ந்து எழுதியிருக்கிறாரே என்று ஆறுதலாகவும் இருந்தது. மொத்தம் அறுநூற்றுப் பதினோரு மணி நேரம். மணிக்கு முந்நூறு டாலர் கேட்டிருந்தார்.

முதலில் செலவுக் கணக்கு. அதைப் பார்ப்பது நீதிபதி இல்லை, கோர்ட்டு அலுவலகத்தில் ஜெரோம் விலின்ஸ்கி என்ற எழுத்தர். முப்பது வருட சர்வீஸில் யாருக்கும் முழுச் செலவைக் கொடுத்ததில்லை என்பதில் அவருக்கு ஒரு பெருமை. டாப்னி வேறொரு கோர்ட்டில் நிற்கவேண்டியிருந்ததால், ரசீதுக் கட்டை லுவெல்லாதான் கொண்டுபோனாள். ஒன்பதாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு டாலர். விலின்ஸ்கி விரலை நனைத்து நனைத்து ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஆவணங்களின் நகல்களை இரண்டு குவியலாகப் பிரித்தார். தேவைக்காக எடுத்தவை ஒன்று, வசதிக்காக எடுத்தவை இன்னொன்று. தேவைக்குவியலில் ஐந்தாறு தாள்தான் விழுந்தது.

ஜூரி எட்டுப் பேரும் கையில் வைத்துப் பார்த்த தாள்களாயிற்றே என்று லுவெல்லா பணிவாகக் கேட்டாள்.

"பாத்தாங்கம்மா, இல்லைன்னு சொல்லலை. ஆனா ஒரே தாளை எட்டுப் பேரும் கைமாத்திப் பாத்திருக்கலாமே. எட்டுத் தாள் எடுத்தது அவங்க வசதிக்கு. வசதிக்கெல்லாம் கவர்மெண்டு காசு கொடுக்க முடியுமா?"

"கவர்மெண்டு கொடுக்க வேண்டாங்க. லோடர்மில்க் தானே கொடுக்கப்போறாங்க."

"யார் கொடுத்தா என்ன. கொடுக்கறது கொடுக்கறதுதானே," என்றார் விலின்ஸ்கி. அவர் குரலில் நிஜமான வேதனை இருந்தது.

சாட்சிக்கு ஒரு நாளைக்கு நாற்பது டாலர் படி. ரொனெட்டா இரண்டு நாள் வந்திருந்தாள். முதல் நாள் முழுக்க வராந்தாவில் உட்காரவைத்து, மறுநாள்தான் கூப்பிட்டார்கள். விலின்ஸ்கி ஒரு நாளை அடித்தார். வராந்தாவில் உட்கார்ந்திருந்தது சாட்சி சொன்னதாகாது என்றும், அந்த பெஞ்சுக்குக் கோர்ட்டு வாடகை கேட்காததே பெரிய சலுகை என்றும் விளக்கினார். கார் நிறுத்திய காசையும் அடித்தார். ஜெயிக்கிறவர்கள் நடந்தும் வந்திருக்கலாமாம். எல்லாம் அடித்தது போக ஆயிரத்து நூற்று முப்பத்தெட்டு டாலர் மிஞ்சியது. அதற்கு ஒரு முத்திரை குத்தி, வாழ்த்துகள் என்று சொல்லி அனுப்பினார்.

அடுத்தது டாப்னிக்கு என்ன விலை என்ற கேள்வி. மணிக்கு முந்நூறு டாலர் அவர் பெறுவார் என்று ஊர் வக்கீல்கள் இரண்டு பேர் சத்தியம் செய்து எழுதிக்கொடுத்தார்கள். லோடர்மில்க்குக்காக வாதாடியவர்கள் பெருநகரத்தில் முப்பத்தோராம் மாடியில் இருக்கிற ஒரு பெரிய நிறுவனத்து வக்கீல்கள் நாலு பேர். அவர்களில் மூத்தவர் பிரெஸ்டன் ஹேலிவெல், பேசும்போது சட்டைக் கை பொத்தானைத் தடவிக்கொண்டே பேசுவார். அவர் ஒரு கேமராக்காரரை அனுப்பி டோனட் கடையைப் படம் எடுக்கவைத்தார். மாடிப்படியைப் படம் எடுத்தார்கள், படியில் கைப்பிடி ஆடுவதைப் படம் எடுத்தார்கள். கட்சிக்காரர்கள் பொரித்த மாவு வாசனைக்கு நடுவே ஏறிப்போகிற இடத்தில் சொல்லப்படும் சட்ட ஆலோசனைக்கு மணிக்கு நூற்றுத் தொண்ணூறுக்கு மேல் கொடுக்க முடியாது என்று முப்பத்தாறு பக்கம் எழுதித் தாக்கல் செய்தார்கள்.

பிறகு மணிக்கணக்கு. நீதிபதி அகஸ்டஸ் தார்ன்பெரி முன்னால் விசாரணை வந்தது. அறுநூற்றுப் பதினோரு மணி நேரம் அநியாயத்துக்கு அதிகம் என்றார் ஹேலிவெல். டாப்னி எழுந்து, உங்கள் நாலு பேருக்கும் சேர்த்து எத்தனை மணி ஆனது என்று கேட்டார். அது ரகசியம் என்றார்கள். நீதிபதி கேட்டதும் சொன்னார்கள்: இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது. லோடர்மில்க் அதை முழுசாகக் கொடுத்தும்விட்டது.

கோர்ட்டில் லேசாகச் சிரிப்பு கேட்டது. ஹேலிவெல் பொத்தானைத் தடவினார்.

"கனம் நீதிபதி அவர்களே, ரெண்டையும் ஒப்பிடக் கூடாது. அந்த அம்மா பக்கம் நியாயம் இருந்தது. நியாயம் இருக்கிற கேஸை நடத்த எவ்வளவு நேரம் ஆகும்? எங்க பக்கம் அது இல்லை. இல்லாததை உண்டாக்க நேரம் பிடிக்குது."

தார்ன்பெரி இதை மிகவும் தெளிவான வாதம் என்று பாராட்டிக் குறித்துக்கொண்டார். லுவெல்லா பக்கத்தில் இருந்த டாப்னியின் முகத்தைப் பார்த்தாள். அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன்பின் அழுகை. நாற்பத்தொரு பக்கத்திலும் தேடி, லுவெல்லா அழுததாக எழுதியிருந்த துண்டுகள் மொத்தம் தொண்ணூற்று நாலு என்று முப்பத்தோராம் மாடியில் ஒருவர் எண்ணியிருந்தார். எண்ணுவதற்கு அவருக்குப் பதினாறு மணி நேரம் ஆனது, அதற்கும் லோடர்மில்க் கொடுத்துவிட்டது. அழுகையைக் கேட்பது சட்ட வேலையா இல்லையா என்பதைத் தீர்மானிக்க லுவெல்லாவை மறுபடி சாட்சிக்கூண்டில் ஏற்றினார்கள். வழக்கு நடந்தபோதுகூட அவளுக்கு இவ்வளவு பயம் இருந்ததில்லை.

"மார்ச் பன்னிரண்டு அன்னைக்கு அழுதீங்களாம்மா?" என்று ஹேலிவெல் ஆரம்பித்தார்.

"அழுதிருப்பேன்."

"சட்டக் காரணத்துக்காக அழுதீங்களா, சொந்தக் காரணத்துக்காக அழுதீங்களா?"

லுவெல்லா யோசித்தாள். அன்று காஸ் கட்டணம் கட்டவில்லை என்று வீட்டில் அடுப்பை அணைத்துவிட்டுப் போயிருந்தார்கள். வேலை போனதால் சம்பளம் இல்லை, சம்பளம் இல்லாததால் காஸ் இல்லை. அதைச் சொன்னாள்.

"அப்போ அது காஸ் கம்பெனி சம்பந்தப்பட்ட அழுகை," என்று ஹேலிவெல் நீதிபதி பக்கம் திரும்பினார். "எத்தனை நிமிஷம் அழுதீங்க?"

"ரெண்டு நிமிஷம் இருக்கும். மூக்கைச் சிந்திட்டு போனை வெச்சிட்டேன்."

"பதிவில் ஆறு நிமிஷம்னு இருக்கு. மிச்ச நாலு நிமிஷம் நீங்க அழவே இல்லை. அழாத நாலு நிமிஷத்துக்கு என் கட்சிக்காரர் எதுக்குப் பணம் கொடுக்கணும்?"

லுவெல்லா சாட்சிக்கூண்டின் கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரியாதுங்க ஐயா," என்றாள். "ஆறு நிமிஷத்துக்குக் குறைஞ்சு அழக்கூடாதுன்னு அப்பவே யாராவது சொல்லியிருந்தா, முழுசா அழுதிருப்பேன். அழுகைக்கு என்கிட்ட பஞ்சம் இருந்ததில்லை."

அதைப் பதிவிலிருந்து நீக்கும்படி நீதிபதி உத்தரவிட்டார்.

கேக் விஷயம்தான் கொஞ்சம் நீண்டுபோனது. வக்கீல் கட்சிக்காரரிடமிருந்து கேக் வாங்கிச் சாப்பிட்டால் அது கூலியில் ஒரு பகுதி வந்துசேர்ந்ததாகும், ஆகவே மொத்தத்தில் அதன் விலையைக் கழிக்கவேண்டும் என்று ஹேலிவெல் மனுப் போட்டார். கேக்கின் நியாயமான சந்தை விலை என்ன என்று சொல்ல, வேறு மாநிலத்திலிருந்து ஒரு உணவுப் பொருளாதார நிபுணரை விமானத்தில் வரவழைத்தார்கள். அவர் லுவெல்லாவிடம் எத்தனை முட்டை, எவ்வளவு வெண்ணெய், மேலே சர்க்கரைப் பாகு ஊற்றியதா என்று ஒரு மணி நேரம் துருவினார். வீட்டில் செய்தது, சற்று கனமான ரகம், பதினாலு டாலர் என்று சத்தியம் செய்து சொன்னார். ஏழு மணி நேரத்துக்கு அவருக்கு மூவாயிரத்து நூற்றைம்பது டாலர் கொடுக்கப்பட்டது. டாப்னி, முழுக்கேக்கையும் நான் சாப்பிடவில்லை, பாதியைக் கீழே டோனட் கடைக்காரருக்குக் கொடுத்தேன் என்றார். அப்படியானால் கட்சிக்காரரின் சொத்தை மூன்றாம் நபருக்குக் கைமாற்றியதாகத் தனியாக விசாரிக்க நேரும் என்று நீதிபதி எச்சரித்ததும் உட்கார்ந்துவிட்டார்.

இதற்கெல்லாம் பதில் எழுத டாப்னிக்கு ஆன நேரமும் வேலைதானே. அதையும் கூலியில் சேர்க்கவேண்டும் என்று கேட்டார். கூலி கேட்டதற்குக் கூலியா என்று ஹேலிவெல் அதிர்ந்துபோய் எதிர்மனுப் போட்டார். எதிர்மனுவுக்குப் பதில் எழுத மேலும் நேரம் ஆனது. இப்படியே பதினாலு மாதம் ஓடிற்று. இதன் நடுவே ரொனெட்டாவுக்கு அரசாங்கக் கடிதம் வந்துவிட்டது. அவள் அதைத் தன் பைபிளுக்குள் வைத்துக்கொண்டு, வாரம் தவறாமல் லுவெல்லாவுக்கு போன் செய்வாள்.

"மிஸ் லு, ஏதாச்சும் வந்துச்சா?"

"இன்னும் இல்லடி. எத்தனை நாள் பாக்கி உனக்கு?"

எழுபது என்றாள் ஒருமுறை. பிறகு ஐம்பத்திரண்டு. முப்பது என்று சொன்ன வாரத்தில் தீர்ப்பு வந்தது.

தார்ன்பெரி தன் தீர்ப்பைத் தானே வாசிப்பார். தன் வசனங்களைத் தன் காதால் கேட்பது அவருக்குப் பிடிக்கும். அறுபத்துநாலு பக்கம். முன்வரிசையில் லுவெல்லாவும் ரொனெட்டாவும் உட்கார்ந்திருந்தார்கள். ரொனெட்டா அதற்காக அரைநாள் சம்பளத்தை இழந்திருந்தாள்.

டாப்னிக்கு நூற்றுத் தொண்ணூறு என்பது கொடுமை, மாடிப்படியைக் கணக்கில் கொண்டு இருநூற்றுப் பத்து. மூன்று குற்றச்சாட்டில் ஒன்றில்தான் ஜெயித்தார்கள், ஆகவே மணிகளில் மூன்றில் ஒரு பங்குதான். அதில் அழுகைத் துண்டுகள் போயின, கேக் சாப்பிட்ட துண்டுகள் போயின. நூற்றுத் தொண்ணூற்று நாலு மணி மிஞ்சியது. கூலி கேட்டதற்குக் கூலி என்பதை நினைத்துப் பார்க்கவும் இந்த நீதிமன்றம் மறுக்கிறது. ஆகமொத்தம் நாற்பதாயிரத்துச் சொச்சம் என்று வந்தது. டாப்னி மெல்ல மூச்சை விட்டார். கடனை அடைத்துக்கொண்டு ஒரு வருடம் தாக்குப்பிடிக்கலாம். ரொனெட்டா லுவெல்லாவின் கையைப் பிடித்தாள்.

நீதிபதி பக்கத்தைத் திருப்பினார்.

"இந்தத் தொகை, பாதிக்கப்பட்டவருக்கே கிடைத்த முப்பத்தெட்டாயிரத்தைவிட அதிகமாக இருக்கிறது. பார்வைக்கு அழகாக இல்லை. ஆகவே இதில் அறுபது சதவீதத்தைக் குறைக்கிறேன். சட்டத்தின் நோக்கம், திறமையான வக்கீல்கள் இப்படிப்பட்ட வழக்குகளை ஏற்று நடத்தவேண்டும் என்பது. நடத்திய பிறகு அவர்கள் பிழைத்திருக்கவேண்டும் என்று சட்டத்தில் எங்குமே சொல்லவில்லை."

கடைசியில் டாப்னியைப் பார்த்துத் தகப்பன் மாதிரி ஒரு புத்திமதியும் சொன்னார். எதிர்த்தரப்பின் பதிவுகளை நான் பார்த்தேன், இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது மணியிலும் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை, எல்லா வரியிலும் 'உத்தி ஆலோசனை' என்றுதான் இருக்கிறது, நீங்களும் அப்படி எழுதியிருந்தால் நான் கேள்வியே கேட்டிருக்க மாட்டேன் என்றார். உண்மையை எழுதுவது நல்ல பழக்கம்தான், ஆனால் அதைத் துண்டுக்கணக்கில் காசாக்கப் பார்ப்பது நல்லதல்ல என்று முடித்தார். கேக்குக்காகப் பதினாலு டாலர் கழித்து, மொத்தம் பதினாறாயிரத்து இருநூற்று எண்பத்திரண்டு.

அறுநூற்றுப் பதினோரு மணிக்கு வகுத்துப் பார்த்தால் மணிக்கு இருபத்தாறு டாலரும் சில்லறையும். லோடர்மில்க்கில் இயந்திரம் பழுதுபார்க்கிறவருக்கு இதைவிடக் கூடுதல், அவருக்கு மதியச் சாப்பாட்டு இடைவேளையும் உண்டு. செலவில் விலின்ஸ்கி அடித்த எட்டாயிரத்துச் சொச்சம் ஒப்பந்தப்படி லுவெல்லாவின் பங்கிலிருந்து டாப்னிக்குப் போனது. அவள் முகம் சுளிக்காமல் காசோலை எழுதினாள். அவர் அதைக் கண்ணெடுத்துப் பார்க்காமல் வாங்கி மடித்தார்.

பத்து நாள் கழித்து அவரே லுவெல்லாவின் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னபோது உட்காரவில்லை. முப்பத்தோராம் மாடியிலிருந்து கூப்பிட்டார்களாம். எங்கள் நாலு பேரைத் தனியாளாக நின்று தோற்கடித்தீர்கள், உங்களைப் போன்றவர் எங்களிடம் இருக்கவேண்டும் என்றாராம் ஹேலிவெல். அடுத்த திங்கட்கிழமை சேரவேண்டும். லோடர்மில்க் கோப்புப் பக்கம் தன்னை இழுக்கக் கூடாது என்று டாப்னி அவர்களிடம் எழுதி வாங்கிக்கொண்டாராம்.

லுவெல்லா அவருக்காக இழுத்துப்போட்ட நாற்காலியை மேஜைக்கு அடியில் தள்ளினாள். "உங்க நேரத்துக்கு அங்க என்ன விலை?" என்று மட்டும் கேட்டாள்.

"மணிக்கு நானூத்தி இருபத்தஞ்சு."

"நூத்தித் தொண்ணூறுக்கு மேல பெறமாட்டீங்கன்னு எழுதிக் கொடுத்தது அவங்கதானே?"

"அவங்கதான்." டாப்னி தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தார். "வீட்டைப் பேங்க் எடுத்துக்கப்போகுது, மிஸஸ் பிக்கெட். இன்னொரு வாட்டி என்னால ஜெயிக்க முடியாது. அந்தப் பொண்ணுகிட்ட நீங்களே சொல்லிடுங்க. எனக்கு முகம் இல்லை."

அவர்மேல் கோபப்பட லுவெல்லா நினைத்தாள். வரவில்லை. கோபமெல்லாம் அவரைத் தாண்டி எங்கோ போய் நின்றது, அங்கே திட்டுவதற்கு ஒரு முகமும் இல்லை. அவர் போனபிறகு கதவைச் சாத்திவிட்டு ரொனெட்டாவைக் கூப்பிட்டாள். இருபது நாள் பாக்கி.

அந்த இருபது நாளில் இருவரும் ஏழு வக்கீல்களைப் பார்த்தார்கள். ஏழு பேரும் கடிதத்தைப் படித்து, கேஸ் நல்ல கேஸ் என்றார்கள். ஜெயிக்கக்கூடிய கேஸ் என்றார்கள். அதன்பிறகு ஏழு பேரும் மேஜை இழுப்பறையைத் திறந்து, தார்ன்பெரியின் அறுபத்துநாலு பக்கத் தீர்ப்பை எடுத்து வெளியே வைத்தார்கள். ஒருவர் அதில் வரிகளுக்கு அடியில் மஞ்சள் கோடு போட்டிருந்தார். தோற்கிற கேஸாக இருந்தால் மூன்றே மாதத்தில் முடிந்துவிடும், எடுத்துப் பார்க்கலாம், இது ஜெயித்துவிடுமே என்று வருத்தப்பட்டார் ஏழாமவர்.

தொண்ணூறாம் நாள் காலை ரொனெட்டா விடுப்புச் சொல்லிவிட்டு வந்தாள். லுவெல்லா அவளைக் கோர்ட்டுக்குக் கூட்டிப்போனாள். வக்கீல் இல்லாமல் தானாகவே வழக்குப் போடுகிறவர்களுக்கு ஒரு படிவம் உண்டு. அதை இரண்டு பேரும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து நிரப்பினார்கள். வக்கீல் பெயர் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று ரொனெட்டா கேட்டாள். உன் பேரையே எழுது என்றாள் லுவெல்லா.

ஜன்னலுக்குப் பின்னால் விலின்ஸ்கி உட்கார்ந்திருந்தார். படிவத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, முகம் மலர்ந்து ரொனெட்டாவைப் பார்த்தார்.

"வக்கீல் இல்லையா? ரொம்ப நல்லதும்மா. தனக்குத்தானே வாதாடறவங்க ஜெயிச்சாலும் வக்கீல் கூலி கேக்க முடியாது. மணிக்கணக்கு இல்லை, அழுகை இல்லை, கேக் இல்லை. எங்களுக்குப் பிடிச்ச கேஸே இதுதான்."

பிறகு, தாக்கல் செய்யக் கட்டணம் நானூற்றைந்து டாலர் என்றார். ரொனெட்டா பர்ஸைத் திறந்து எண்ண ஆரம்பித்தாள். இருநூறுக்கு மேல் இல்லை. லுவெல்லா அவள் கையைத் தள்ளிவிட்டுத் தன் காசோலைப் புத்தகத்தை எடுத்தாள். தேதியைத் தப்பாக எழுதியதால் ஒரு தாளைக் கிழித்துவிட்டு வேறு எழுதவேண்டியிருந்தது. விலின்ஸ்கி முத்திரை குத்தி ரசீதை நீட்டினார்.

"இதைப் பத்திரமா வெச்சுக்கோங்கம்மா. ஜெயிச்சா, திருப்பித் தரச்சொல்லி எங்கிட்டயே மனுப் போடலாம்."

வெளியே படியிறங்கும்போது ரொனெட்டா அழவில்லை. ரசீதை நாலாக மடித்து பைபிளுக்குள் வைத்தாள். கீழ்ப்படியில் நின்று, "மிஸ் லு, உண்மையைச் சொல்லுங்க. நான் ஜெயிச்சிடுவேனா?" என்று கேட்டாள்.

ஏரிப் பக்கமிருந்து குளிர்காற்று வந்துகொண்டிருந்தது. லுவெல்லா ரொனெட்டாவின் மேல்கோட்டுப் பொத்தானைப் போட்டுவிட்டாள்.

"ஜெயிச்சிடுவேடி கண்ணு," என்றாள். "அதுவரைக்கும் கூட நிக்கறேன். ஜெயிச்சப்புறம் அவங்க உன்னைத் தோக்கடிக்கும்போதும் நிக்கறேன்."